திண்டிவனத்தில் ஒரே இரவில் 3 இளம் கர்ப்பிணிகள் மரணம்: வேலூர் ஐடா ஸ்கடர் நர்ஸ் பள்ளி தொடங்கியது ஏன்?

செஞ்சி என்றதும் எல்லோருக்கும் கோட்டைதான் ஞாபகம் வரும். ராஜகிரி மலை, கல்யாண மகால், தேசிங்கு ராஜா கதை. 2025 ஜூலையில் மராட்டியர் காலக் கோட்டைகளின் வரிசையில் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலிலும் இடம்பிடித்துவிட்டதால், லீவு நாளில் கார் நிறுத்த இடம் கிடைப்பதில்லை. ஆனால் இந்தக் கட்டுரை கோட்டையைப் பற்றியது இல்லை. செஞ்சியில் இருந்து கிழக்கே சுமார் 28 கி.மீ. தள்ளி இருக்கும் திண்டிவனத்தில், 130 வருஷத்துக்கு முன்னால் நடந்த ஒரு ராத்திரியைப் பற்றியது. அந்த ராத்திரியைப் பார்த்த ஒரு பெண் பிற்பாடு என்ன செய்தார் என்பதைப் பற்றியது.

அவர் பெயர் ஐடா ஸ்கடர். வேலூர் சிஎம்சி மருத்துவமனையைத் தொடங்கியவர் என்று பள்ளிப் பிள்ளைகளுக்குக்கூடத் தெரியும். டாக்டர் ஐடாவைத் தெரிந்த அளவுக்கு, நர்ஸ் பயிற்சிப் பள்ளி தொடங்கிய ஐடாவை நமக்குத் தெரியாது. உண்மையில் அந்தத் திண்டிவனத்து ராத்திரிக்கு நேரடியான பதில் இந்த இரண்டாவது ஐடாவிடம்தான் இருக்கிறது.

யார் இந்த ஐடா?

1870 டிசம்பர் 9-ம் தேதி ராணிப்பேட்டையில் பிறந்தவர். அமெரிக்கக் குடும்பம். ஆனால் பல தலைமுறையாகத் தமிழ் மண்ணோடு பிணைந்த குடும்பம். தாத்தா ஜான் ஸ்கடர் 1819-ல் இலங்கைக்கு வந்து யாழ்ப்பாணத்துப் பண்டத்தரிப்பில் வைத்தியம் பார்த்தவர். பிறகு சென்னைக்கு மாறினார். அவருடைய பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் வடாற்காடு, தென்னாற்காடு ஊர்களில் மருத்துவ, சமயப் பணிகளில் இருந்தார்கள். ஐடாவின் அப்பா, இரண்டாவது ஜான் ஸ்கடரும் டாக்டர்தான்.

ஐடாவுக்கு அந்த வாழ்க்கை துளியும் பிடிக்கவில்லை. அதற்குக் காரணம் இருந்தது. 1876-78 தாது வருஷப் பஞ்சத்தின்போது அவர் ஆறேழு வயசுக் குழந்தை. பசியில் கையைத் தூக்கக்கூட முடியாத பிள்ளைகளின் வாயில் ரொட்டியைப் பிய்த்து ஊட்டிய ஞாபகம் அவருக்குக் கடைசிவரை இருந்தது. இந்த வெயிலும் சாவும் வேண்டாம், அமெரிக்காவிலேயே இருந்து கல்யாணம் பண்ணிக்கொண்டு நிம்மதியாக வாழலாம் என்பதுதான் அவருடைய திட்டம். படிப்பும் அங்கேதான், மாசசூசெட்ஸில் இருந்த நார்த்ஃபீல்டு பெண்கள் பள்ளியில். 1890-ல் அம்மாவுக்கு உடம்பு சரியில்லை என்று தகவல் வந்ததால், கொஞ்ச காலம் உதவியாக இருந்துவிட்டுத் திரும்பலாம் என்று திண்டிவனம் வந்தார்.

அந்த ராத்திரி என்ன நடந்தது?

கதை பலருக்கும் தெரிந்திருக்கும். ஒரே ராத்திரியில் மூன்று ஆண்கள், ஒருவர் பின் ஒருவராகக் கதவைத் தட்டினார்கள். முதலில் ஒரு பிராமணர். அடுத்து ஒரு முஸ்லிம். மூன்றாவதாக இன்னொரு இந்துக் குடும்பத்துக்காரர். மூன்று பேரின் மனைவிகளுக்கும் பிரசவ வலி, பிள்ளை வெளியே வரவில்லை. மூவரும் சின்னப் பெண்கள். இன்றைய கணக்கில் பள்ளிக்கூடம் போக வேண்டிய வயசு.

ஐடா, நான் டாக்டர் இல்லை, எங்க அப்பாதான் டாக்டர், அவரைக் கூட்டிப்போங்கள் என்று மூன்று பேரிடமும் சொன்னார். வேற்று ஆண் தங்கள் வீட்டுப் பெண்ணைத் தொட்டுப் பார்ப்பதை மூன்று பேருமே ஏற்கவில்லை. திரும்பிப் போய்விட்டார்கள். காலையில் விசாரிக்க ஆள் அனுப்பியபோது, மூன்று பெண்களும் இறந்துவிட்டதாகத் தகவல் வந்தது.

இங்கே ஒரு விஷயத்தை நின்று கவனிக்க வேண்டும். அந்த ஊரில் டாக்டர் இல்லாமல் அந்தப் பெண்கள் சாகவில்லை. டாக்டர் அதே வீட்டில்தான் இருந்தார். அவரால் கட்டிலுக்குப் பக்கத்தில் போக முடியவில்லை, அவ்வளவுதான். கட்டிலுக்குப் பக்கத்தில் இருந்தவர்களுக்கோ, என்ன நடக்கிறது என்று படிக்கத் தெரியவில்லை.

மூன்று பேரும் எதனால் இறந்தார்கள் என்று இன்று யாரும் சொல்ல முடியாது. ஆனால் அந்தக் காலத்தில் பிரசவத்தில் பெண்கள் இறந்த காரணங்கள் தெரிந்தவைதான். இடுப்பெலும்பு முழுசாக வளராத வயசில் கர்ப்பம் தரித்தால் குழந்தையின் தலை சிக்கிக்கொள்ளும். பிள்ளை பிறந்த பிறகு ரத்தப்போக்கு நிற்காது. ரத்த அழுத்தம் ஏறி வலிப்பு வரும். அழுக்குக் கையாலும் துணியாலும் கிருமி உள்ளே போகும். இவற்றில் முதலாவதற்கு ஆபரேஷன் அல்லது ஆயுதப் பிரசவம் தேவை. அதை நர்ஸ் செய்ய முடியாது. ஆனால் வலி எடுத்து இத்தனை மணி நேரம் ஆகியும் தலை இறங்கவில்லை, இனி காத்திருக்கக் கூடாது என்று கண்டுபிடிப்பது கட்டிலருகே இருப்பவரின் வேலை. மற்ற மூன்றிலும் பாதிச் சிகிச்சை அங்கேயே, அந்தக் கையிலேயே இருக்கிறது.

டாக்டராகத் திரும்பினார்

அந்தக் காலை ஐடாவின் திட்டத்தைப் புரட்டிப்போட்டது. அமெரிக்கா போய் 1895-ல் பிலடெல்பியா பெண்கள் மருத்துவக் கல்லூரியில் சேர்ந்தார். கார்னெல் மருத்துவக் கல்லூரி பெண்களுக்குக் கதவைத் திறந்ததும் அங்கே மாறி, 1899-ல் பட்டம் வாங்கினார். கிளம்பும் முன்பு வேலூரில் ஒரு மருத்துவமனை கட்ட நிதி திரட்டினார். ஷெல் என்ற நியூயார்க் வங்கிக்காரர், இறந்துபோன தன் மனைவி மேரி டேபர் ஷெல்லின் நினைவாக 10,000 டாலர் கொடுத்தார்.

1900 தொடக்கத்தில் வேலூர் வந்து சேர்ந்தார். அப்பாவிடம் தொழில் பழகலாம் என்று நினைத்து வந்தவருக்கு, சில மாதங்களிலேயே அப்பா இறந்தது பெரிய இடி. 29 வயசில் தனி ஆளாக, வீட்டிலேயே ஓர் அறையில் ஒரே ஒரு படுக்கையோடு ஆஸ்பத்திரியை ஆரம்பித்தார். இரண்டு வருஷத்தில் சுமார் 5,000 பேருக்கு வைத்தியம் பார்த்தார். 1902-ல் 40 படுக்கைகளோடு மேரி டேபர் ஷெல் மருத்துவமனை திறக்கப்பட்டது.

பிரச்சினை அங்கேதான் தொடங்கியது என்று சொல்லலாம்.

40 படுக்கை, ஒரே டாக்டர்

கணக்குப் போட்டுப் பாருங்கள். 40 பேர் படுத்திருக்கிறார்கள். டாக்டர் ஒருவர். பகலில் வெளிநோயாளிகள், ஆபரேஷன், இடையில் யார் வீட்டிலோ பிரசவம். ஒரு நோயாளிக்கு அவர் ஒரு நாளில் தரக்கூடிய நேரம் சில நிமிடங்கள். மீதி 23 மணி நேரத்துக்கு மேல் அந்த நோயாளியைப் பார்த்துக்கொள்வது யார்?

அன்றைக்கு இருந்தவர்கள் பெரும்பாலும் முறையான பயிற்சி இல்லாத உதவியாளர்கள், உறவுக்காரர்கள். அன்பாகக் கவனித்துக்கொள்வார்கள், சந்தேகமே இல்லை. ஆனால் ஆபரேஷன் முடிந்த ஒருவருக்கு ராத்திரி மூச்சு வேகமாக வாங்கினால், அது வலியாலா, பயத்தாலா, உள்ளே ரத்தம் கசிவதாலா என்று பிரித்துப் பார்க்க அன்பு மட்டும் போதாது. டாக்டரை எழுப்புவதா வேண்டாமா என்பதே பெரிய முடிவு. தேவையில்லாமல் பத்து முறை எழுப்பினால் மறுநாள் ஆபரேஷன் செய்ய டாக்டருக்கு கை ஓடாது. எழுப்ப வேண்டிய ஒரு முறை எழுப்பாமல் விட்டால் விடியும்போது பிணம்.

இதைச் சமாளிக்கத்தான் 1909-ல் நர்ஸ் பயிற்சிப் பள்ளி தொடங்கப்பட்டது. அமெரிக்காவில் இருந்து வந்த டெலியா ஹூட்டன் என்ற நர்ஸ் அதற்குத் தலைமை ஏற்றார். வருஷத்தைக் கொஞ்சம் கவனியுங்கள். பெண்களுக்கான மருத்துவப் பள்ளியை ஐடா தொடங்கியது 1918-ல். அதாவது, பெண் டாக்டர்களை உருவாக்குவதற்கு ஒன்பது வருஷம் முன்பே பெண் நர்ஸ்களை உருவாக்க ஆரம்பித்துவிட்டார்கள்.

பிள்ளைகளைச் சேர்ப்பது சுலபமாக இல்லை. அடுத்தவர் மலஜலத்தைத் தொடும் வேலை, ராத்திரி வீட்டுக்கு வெளியே தங்கும் வேலை, வேற்று ஆண்களைப் பார்க்க வேண்டிய வேலை. எந்தச் சாதிக் குடும்பம் பெண்ணை அனுப்பும்? ஆரம்ப காலத்தில் இந்தியா முழுக்கவே நர்ஸ் வேலைக்கு வந்தவர்களில் பெரும்பாலோர் கிறிஸ்தவக் குடும்பத்துப் பெண்கள், ஆதரவில்லாத விதவைகள். நர்ஸ் என்றால் டாக்டர் சொல்வதைச் செய்யும் கையாள் என்ற நினைப்பும் இந்த இடத்தில்தான் வேர்விட்டது. இன்றைக்கும் அது முழுசாகப் போகவில்லை என்பது வேறு விஷயம்.

நர்ஸ் முதலில் யாரைப் பார்க்க வேண்டும்?

ஐடாவின் வாழ்க்கையைக் கொஞ்சம் நிறுத்திவிட்டு ஒரு வார்டுக்குள் போவோம். இது கற்பனை வார்டுதான். ஆனால் தமிழ்நாட்டில் எந்தத் தாலுகா ஆஸ்பத்திரியில் நைட் டியூட்டி பார்த்த நர்சைக் கேட்டாலும், இது நேற்று நடந்தது போல இருக்கிறது என்பார்.

ராத்திரி 2 மணி. ஒரே நேரத்தில் நாலு விஷயம்.

ஒன்றாம் கட்டிலில் குடல்வால் ஆபரேஷன் முடிந்த இளைஞர், வலி தாங்காமல் கத்துகிறார். அவருடைய அண்ணன் நர்ஸ் மேசையைத் தட்டிச் சத்தம் போடுகிறார். நாலாம் கட்டிலில் ட்ரிப்ஸ் பாட்டில் தீர்ந்துவிட்டது, பாட்டி பதறிப்போய் ஓடிவருகிறார். ஏழாம் கட்டிலில் சர்க்கரை நோயாளி ஒருவருக்கு உடம்பெல்லாம் வேர்த்து, பேச்சு கொஞ்சம் குழறுகிறது. பத்தாம் கட்டிலில் இரண்டு மணி நேரத்துக்கு முன்னால் பிள்ளை பெற்ற ஒரு பெண். அவர் எதுவுமே கேட்கவில்லை. கண்ணை மூடிப் படுத்திருக்கிறார். அசந்து தூங்குகிறாள், எழுப்பாதீங்க சிஸ்டர் என்கிறார் மாமியார்.

சத்தத்தின் வரிசைப்படி போனால் முதலில் அண்ணன், கடைசியில் அந்தப் பெண். உயிரின் வரிசைப்படி போனால் தலைகீழ்.

பயிற்சி பெற்ற நர்ஸ் அந்தப் பெண்ணின் மணிக்கட்டைப் பிடிக்கிறார். நாடி 124. கை ஜில்லென்று இருக்கிறது. போர்வையை விலக்கினால், மாற்றி அரை மணி நேரம்கூட ஆகாத பேட் முழுக்க நனைந்து, கீழே துணியிலும் ரத்தம். வயிற்றில் கை வைத்தால், கல் மாதிரி இறுகி இருக்க வேண்டிய கர்ப்பப்பை மாவு மாதிரி தொளதொள என்று இருக்கிறது. பிபி பார்த்தால் இன்னும் 100-க்கு மேலே காட்டலாம். இங்கேதான் ஏமாந்துபோகிறார்கள். இளம் வயசுப் பெண்ணின் உடம்பு, ஒரு லிட்டர் ரத்தம் போகும்வரைகூட நாடியை வேகப்படுத்தியும் கை கால் ரத்தக் குழாய்களைச் சுருக்கியும் பிபியைத் தாங்கிப் பிடித்திருக்கும். பிபி விழும்போது கையில் இருக்கும் நேரம் ரொம்பக் குறைவு. அதனால்தான் நாடியும் மூச்சும் முதலில் பேசும், பிபி கடைசியில்தான் பேசும் என்று மூத்த நர்ஸ்கள் சொல்லிக்கொடுப்பார்கள்.

அடுத்து என்ன? நர்ஸ் அந்த இடத்தை விட்டு நகர மாட்டார். ஒரு கையால் கர்ப்பப்பையைத் தேய்த்து இறுக வைத்துக்கொண்டே குரல் கொடுப்பார். ஒருவர் டாக்டருக்குப் போன் பண்ண வேண்டும். இன்னொருவர் கர்ப்பப்பையைச் சுருங்க வைக்கும் ஆக்ஸிடோசினையும் ட்ரிப்ஸ் செட்டையும் எடுத்துவர வேண்டும். மூத்திரப்பை நிறைந்திருந்தால் கர்ப்பப்பை இறுகாது, அதைக் காலி செய்ய வேண்டும்.

அதே மூச்சில் ஏழாம் கட்டிலுக்கும் ஒரு முடிவு. வேர்வையும் குழறலும் சர்க்கரை இறங்கியதன் அடையாளம். அதுவும் நிமிடக் கணக்குப் பிரச்சினைதான். ஆனால் அவர் விழிப்பாக இருக்கிறார், விழுங்க முடிகிறது. கூட இருக்கும் நர்சோ பயிற்சி மாணவியோ விரல் நுனியில் சர்க்கரை அளவைப் பார்த்துவிட்டு, குளுக்கோஸ் தண்ணீர் கொடுத்தால் ஆபத்தைத் தள்ளிவைக்கலாம். தனி ஆளாக இருந்தால், பக்கத்தில் இருக்கும் சொந்தக்காரரிடம் சர்க்கரைத் தண்ணீர் கொடுக்கச் சொல்லிவிட்டு, சில நிமிடத்தில் திரும்பிப் பார்ப்பார். தீர்ந்துபோன ட்ரிப்ஸ் குழாயை மூடிவைக்க ஒரு நொடி போதும். கத்துகிற இளைஞர்? கத்துகிற அளவுக்கு மூச்சு இருக்கிறது, நினைவு இருக்கிறது என்பதே ஒரு தகவல். அவர் காத்திருக்கலாம். மறந்துவிடக் கூடாது, வலியும் நோய்தான், ஊசி போட்டாக வேண்டும். வயிறு பலகை மாதிரி இறுகியிருந்தால் அவருடைய இடமும் வரிசையில் மேலே ஏறும்.

இதைத்தான் நர்சிங் பாடத்தில் முன்னுரிமை, மருத்துவத் தீர்மானம் என்று பெரிய பெயர் வைத்துச் சொல்லித்தருகிறார்கள். மூச்சுப்பாதை, மூச்சு, ரத்த ஓட்டம் என்ற வரிசை ஓர் ஆரம்பம். நேற்றைக்கும் இன்றைக்கும் என்ன மாறியிருக்கிறது என்று பார்ப்பது அடுத்தது. பழைய மூட்டு வலியைவிட, திடீரென்று வந்த குழப்பமான பேச்சு அவசரம். ஆபரேஷனுக்குப் பிறகு எதிர்பார்த்த வலியைவிட, எதிர்பாராத அமைதி அவசரம். 1860-ல் லண்டன் செயின்ட் தாமஸ் மருத்துவமனையில் ஃபிளாரன்ஸ் நைட்டிங்கேல் பெயரில் பயிற்சிப் பள்ளி தொடங்கியதில் இருந்தே, கூர்ந்து பார்ப்பதுதான் நர்சின் முதல் திறமை என்று வலியுறுத்தப்பட்டு வருகிறது. சொல்வது சுலபம். ராத்திரி 2 மணிக்கு, மேசையைத் தட்டுகிற அண்ணனைத் தாண்டிப் போவதுதான் கஷ்டம்.

மாட்டு வண்டியில் ஒரு ஆஸ்பத்திரி

ஐடாவுக்கு வருவோம். இந்த வரிசைப்படுத்தும் வேலை வார்டுக்குள் மட்டும் இல்லை. 1906 வாக்கில் மாட்டு வண்டியிலும், பிறகு ஒற்றைச் சிலிண்டர் பியூஜோ காரிலும், குடியாத்தம் போகும் சாலையில் கிராமங்களுக்குப் போக ஆரம்பித்தார். காரைப் பார்த்துப் பேய் வருகிறது என்று ஜனங்கள் ஓடினார்கள் என்று ஒரு கதை உண்டு. கொஞ்ச நாளில் அதே ஜனங்கள் சாலையோர மரத்தடியில் வரிசையாகக் காத்திருக்க ஆரம்பித்தார்கள். சிஎம்சியில் இன்றும் சாலையோர மருத்துவம் என்பது ஐடாவோடு சேர்த்துச் சொல்லப்படும் பெயர்.

மரத்தடியில் நிற்கும் கூட்டத்தை யோசித்துப் பாருங்கள். சிரங்கு, கண் நோய், காய்ச்சல், ஆறாத புண், வயிற்றில் குழந்தையோடு வீங்கிய முகத்துடன் நிற்கும் பெண். அடுத்த மரத்தடியிலும் கூட்டம் காத்திருக்கிறது. யாருக்கு மருந்து போதும், யாருக்குக் கட்டுப் போட வேண்டும், யாரை இன்றைக்கே வண்டியில் ஏற்றி வேலூருக்குக் கொண்டுபோக வேண்டும்? எல்லோரையும் டாக்டரே முழுசாகப் பார்த்துப் பிரிப்பது நடக்காத காரியம். கூட வரும் கைகளுக்கும் கண்களுக்கும் அந்தப் பிரிவினை தெரிந்திருந்தால்தான் வண்டி நகரும். முகம் வீங்கிய கர்ப்பிணி, சிரங்குக்காரரின் பின்னால் பொறுமையாக நின்றுகொண்டே இருப்பார். அவரைக் கண்டுபிடித்து முன்னால் கூட்டிவர ஒருவர் வேண்டும்.

1918-ல் மருத்துவப் பள்ளி தொடங்கியது தனிக் கதை, சுருக்கமாகச் சொல்லிவிடலாம். ஆறு விண்ணப்பம் வந்தாலே பெரிது என்று அதிகாரி நினைத்த இடத்தில் 151 விண்ணப்பங்கள் வந்தன. 1922-ல் முதல் அணியாக 14 பெண்கள் படித்து முடித்து வெளியே வந்தார்கள். 1928-ல் காந்தி அந்தப் பள்ளிக்கு வந்து பார்த்தார். 1938-ல் பட்டயப் படிப்பு போதாது, பல்கலைக்கழகப் பட்டம் வேண்டும் என்று அரசு விதி மாறியபோது பள்ளியே மூடப்படும் நிலை வந்தது. 70 வயசைத் தாண்டியும் ஐடா அமெரிக்காவில் ஊர் ஊராகப் போய் நிதி திரட்டினார். பெண்களுக்கு மட்டுமான கல்லூரி ஆண்களையும் சேர்த்துக்கொள்ள வேண்டி வந்தது. பல வருஷம் தோள் கொடுத்த தோழிகள் சிலருக்கே அது பிடிக்கவில்லை. ஐடா கல்லூரி பிழைத்தால் போதும் என்ற பக்கம் நின்றார். 1947-ல் முதல் முறையாக ஆண் மாணவர்கள் சேர்ந்தார்கள்.

1946-ல் நடந்த பெரிய மாற்றம்

இந்த ஆரவாரத்துக்கு நடுவே பெரிதாகப் பேசப்படாத ஒன்று நடந்தது. 1946-ல் வேலூரில் நர்சிங் பட்டப்படிப்பு தொடங்கியது. அதே ஆண்டு டெல்லியிலும் தொடங்கியது. இந்தியாவில் நர்சிங் என்பது பல்கலைக்கழகத்தில் நாலு வருஷம் படித்துப் பட்டம் வாங்கும் படிப்பாக மாறியது அப்போதுதான்.

அதன் அருமை தெரிய வேண்டுமானால் அதே 1946-ல் வெளியான போர் கமிட்டி அறிக்கையைப் பார்க்க வேண்டும். சுதந்திரத்துக்கு முன் நாட்டின் சுகாதார நிலையை ஆராய்ந்த குழு அது. அதன் கணக்குப்படி அன்றைக்கு இந்தியாவில் டாக்டர்கள் சுமார் 47,500 பேர். நர்ஸ்கள் சுமார் 7,000 பேர். ஆறாயிரத்துச் சொச்சம் பேருக்கு ஒரு டாக்டர், 43,000 பேருக்கு ஒரு நர்ஸ். எந்த ஆஸ்பத்திரியிலும் டாக்டரைவிட நர்ஸ்தான் எண்ணிக்கையில் அதிகம் இருக்க வேண்டும் என்பது பொதுவான நியாயம். இங்கே ஆறு டாக்டருக்கு ஒரு நர்ஸ்கூட இல்லை.

பட்டப்படிப்பு என்ன மாற்றியது? உடலியல், மருந்தியல் எல்லாம் தெரிந்த ஒருவர் கட்டிலருகே நிற்கும்போது, சொன்ன மருந்தைக் கொடுப்பதோடு வேலை முடியாது. இந்த நோயாளிக்கு இந்த அளவு சரியா என்று கேட்கும் உரிமையும் பொறுப்பும் வந்துவிடுகிறது. டாக்டர் எழுதியது தப்பாக இருந்தால் நிறுத்திவைத்துக் கேட்பதும் நர்சின் வேலைதான். கையாள் என்ற பழைய நினைப்புக்கு இது நேர் எதிர்.

ஐடா அதே 1946-ல் பொறுப்பில் இருந்து ஓய்வு பெற்றார். கொடைக்கானலில் தங்கினார். வெளிநாட்டில் இருந்து, ஊர் பெயரே இல்லாமல் டாக்டர் ஐடா, இந்தியா என்று மட்டும் எழுதிப் போட்ட கடிதம் அவரிடம் சரியாகப் போய்ச் சேர்ந்தது என்று சொல்வார்கள். கல்யாணம் பண்ணிக்கொள்ளவே இல்லை. 1960 மே மாதம், 89 வயசில் இறந்தார்.

இன்றைய செஞ்சியில் நிலைமை என்ன?

தமிழ்நாட்டில் பிரசவ மரணம் குறைந்ததற்கு ஒரே காரணம் சொல்ல முடியாது. ஆனால் நர்ஸ்களைத் தவிர்த்துவிட்டு அந்தக் கதையைச் சொல்லவே முடியாது. ஆரம்ப சுகாதார நிலையங்களில் மூன்று ஸ்டாஃப் நர்ஸ்களைப் போட்டு 24 மணி நேரமும் பிரசவம் பார்க்கும்படி மாற்றியது முக்கியமான திருப்பம். ராத்திரியில் அங்கே பெரும்பாலும் நர்ஸ்தான் பிரசவம் பார்க்கிறார், டாக்டர் போனில் இருப்பார். 2018-20 கணக்கின்படி ஒரு லட்சம் பிரசவத்தில் இந்தியா முழுக்க 97 தாய்மார்கள் இறந்தார்கள், தமிழ்நாட்டில் 54.

54 என்பதும் சின்ன எண் இல்லை. பிரசவ மரணத்தை ஆராயும்போது எங்கேயுமே திரும்பத் திரும்ப வரும் காரணங்களில் ஒன்று, ஆபத்தைத் தாமதமாக உணர்ந்தது. பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பத் தாமதித்தது இன்னொன்று. இரண்டுமே கட்டிலருகே எடுக்கும் முடிவுகள்.

அந்த முடிவை எடுக்க நேரம் வேண்டும். போதனா மருத்துவமனையில் 3 நோயாளிக்கு ஒரு நர்ஸ், பொது மருத்துவமனையில் 5 பேருக்கு ஒரு நர்ஸ் என்பது இந்திய நர்சிங் கவுன்சிலின் கணக்கு. ராத்திரியில் அரசு வார்டுக்குள் போய்ப் பார்த்தவர்களுக்கு நிஜம் தெரியும். தேர்வு எழுதித் தேர்வான நர்ஸ்கள் மாசம் 7,700 ரூபாய் தொகுப்பூதியத்தில் வேலை பார்த்ததும், 2017 நவம்பரில் சென்னை டிஎம்எஸ் வளாகத்தில் ஆயிரக்கணக்கில் உட்கார்ந்து போராடியதும் நினைவிருக்கலாம். பத்தாம் கட்டிலில் கண்ணை மூடிப் படுத்திருக்கும் பெண்ணிடம் போய்ச் சேர, நர்சுக்கு அறிவு மட்டும் இருந்தால் போதாது. வார்டில் இரண்டாவது ஆளும் வேண்டும்.

கூடத் தங்கும் சொந்தக்காரர்களும் ஒன்றைத் தெரிந்துகொள்ளலாம். பிள்ளை பெற்ற பெண்ணுக்கு ஒரு மணி நேரத்துக்குள் பேட் முழுசாக நனைந்தால், பெரிய ரத்தக் கட்டிகள் வந்தால், உடம்பு ஜில்லிட்டு வேர்த்தால், மயக்கமாக வருகிறது என்றால், கடுமையான தலைவலியோடு கண் மங்கினால், தூங்கட்டும் என்று விட வேண்டாம். நர்சிடம் போய், இப்போது புதிதாக இது மாறியிருக்கிறது என்று சொல்லுங்கள். நர்ஸ் உங்களைத் தாண்டி இன்னொரு கட்டிலுக்குப் போனால், அங்கே உங்கள் கண்ணுக்குத் தெரியாத ஒன்று அவர் கண்ணுக்குத் தெரிந்திருக்கலாம்.

ஐடா திண்டிவனத்தில் இருந்த நாளில், செஞ்சிப் பக்கத்துக் கிராமத்தில் இருந்து ஒரு பெண்ணை மாட்டு வண்டியில் ஏற்றினால், அந்த 28 கி.மீ. கடக்க ஏழெட்டு மணி நேரம் ஆகியிருக்கும். ஒரு முழு ராத்திரி. 2008-ல் 108 ஆம்புலன்ஸ் வந்த பிறகு அரை மணி நேரச் சொச்சம்தான். செஞ்சி அரசு மருத்துவமனையில் சமாளிக்க முடியாததை திண்டிவனத்துக்கோ, முண்டியம்பாக்கம் மருத்துவக் கல்லூரிக்கோ, திருவண்ணாமலைக்கோ, புதுச்சேரி ஜிப்மருக்கோ அனுப்பலாம். வண்டி, சாலை, டாக்டர் எல்லாம் இருக்கிறது. ஆனால் அந்த வண்டிக்குப் போன் போடும் நேரம் ராத்திரி 2 மணியா, 4 மணியா என்பதை, வார்டில் நைட் டியூட்டியில் இருக்கும் அந்த ஒரு நர்ஸ்தான் தீர்மானிக்கிறார்.